மொட்டை மாடி ஹைட்ரோபோனிக்ஸ்: மீன் பெட்டியா, ஐஸ் பாக்ஸா, பெயின்ட் பக்கெட்டா?

ஹைட்ரோபோனிக்ஸ்னா மண்ணே இல்லாம, உரம் கரைச்ச தண்ணில செடி வளர்க்கறது. அந்தத் தண்ணிய எதுல வைக்கறதுங்கறதுதான் இங்க கேள்வி. முதல்லயே சொல்லிடறேன், ஐஸ் பாக்ஸ் தானா எதையும் குளிர வைக்காது. உள்ள என்ன சூடு இருக்கோ அதை அப்படியே பிடிச்சு வெச்சுக்கும், அவ்ளோதான் அதோட வேலை. இதை மனசுல வெச்சுக்கிட்டா, மீன் வர்ற தெர்மாகோல் பெட்டி வாங்கலாமா, டூர் போறப்ப தூக்கிட்டு போற கெட்டி ஐஸ் பாக்ஸ் வாங்கலாமா, இல்ல வீட்ல சும்மா கிடக்கற 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டே போதுமாங்கற கேள்விக்கு பாதி பதில் வந்துடும். மீதி பாதி உங்க வீட்டு ஃப்ரீசர்ல எவ்ளோ இடம் காலி, பகல்ல மாடி ஏறிப் பாக்க ஆள் இருக்காங்களாங்கறதைப் பொறுத்தது. நான் சென்னை மாடிய வெச்சுதான் பேசறேன், ஊட்டி கொடைக்கானல்காரங்க இதைப் படிச்சு நேரத்தை வீணாக்க வேணாம், உங்களுக்கு எதுல வெச்சாலும் வரும்.

பிவிசி பைப்ல செடி வளர்க்கற செட்ட ஏன் இந்த லிஸ்ட்லயே சேர்க்கலன்னு கேப்பீங்க. வீடியோல பாக்க அழகுதான், வெள்ளை பைப், வரிசையா ஓட்டை, பச்சைப்பசேல்னு லெட்யூஸ், அதான் சாலட் கீரை. ஆனா அந்த முறையோட பூர்வீகம் இங்கிலாந்து, 1960கள்ல ஆலன் கூப்பர்ங்கறவர் அங்க உருவாக்கினது, பைப் அடில சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் தண்ணி ஓடிட்டே இருக்கணும். அவ்ளோ மெல்லிசா ஓடற தண்ணி நம்ம ஊர் வெயில்ல பைப்புக்குள்ள ஒரு சுத்து சுத்தி வந்தாலே வெந்நி. அதுக்கு மேல மோட்டார் நின்னா, இல்ல கரண்ட் போனா, வேருக்கு கையிருப்புன்னு ஒரு சொட்டு கிடையாது, மத்தியானம்னா கொஞ்ச நேரத்துலயே இலை தொங்கிடும். ஷேட் நெட், பெரிய டேங்க், இன்வர்ட்டர்னு செட் பண்ணினவங்களுக்கு ஓகே. முதல் தடவை போடறவங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன்.

சரி, தண்ணி சூட்டுக்கு ஏன் இவ்ளோ பயம்? செடி இலையால மட்டும் மூச்சு விடறதில்ல, வேருக்கும் ஆக்ஸிஜன் வேணும். அது தண்ணில கரைஞ்சிருக்கறதுலேர்ந்துதான் வரணும், தண்ணி சூடாக சூடாக அது குறைஞ்சுட்டே போகும். 20 டிகிரி தண்ணில லிட்டருக்கு 9 மில்லிகிராம் சொச்சம் கரையும், 30 டிகிரில ஏழரை, 35-ல 7-க்கு வந்துடும். இது பெரிய வித்தியாசமா தெரியாது, ஆனா அதே சூட்டுல வேர் வேகமா மூச்சு விடும், அதாவது வரவு குறையறப்பதான் செலவு ஏறுது. இதுக்காகவே காத்திட்டிருக்கற மாதிரி பித்தியம்னு ஒரு வேர் அழுகல் கிருமி இருக்கு, சூடான, காத்து கம்மியான தண்ணி கிடைச்சா போதும் அதுக்கு. மூடிய தூக்கிப் பாத்தா தெரியும், நல்ல வேர் வெள்ளையா விறைப்பா நூல் நூலா இருக்கும், அழுகினது பழுப்பா வழவழன்னு, ரெண்டு விரலால இழுத்தா மேல்தோல் உறை மாதிரி கழண்டு வந்து நடுவுல மெல்லிசா ஒரு நரம்பு மட்டும் நிக்கும், ஒரு சாக்கடை வாடையும் வரும். அந்த நிலைக்கு வந்தப்புறம் மருந்து தேடாதீங்க, பிடுங்கிப் போட்டு பெட்டிய கழுவறதுதான் வழி. லெட்யூஸ் மாதிரி குளிர்ப் பயிர்களுக்கு 18லேர்ந்து 24 டிகிரி வரைக்கும் சொகம், 28 தாண்டினா கஷ்டம்.

இப்ப மூணையும் கணக்குல நிறுத்திப் பாப்போம். நிழல்ல வெச்சிருக்கோம்னு வெச்சுக்கங்க, வெயில்ல வெச்சா எந்தக் கணக்கும் நிக்காது. மே மாசம் சென்னைல ராத்திரி 28, பகல் 38, நடுவுல சராசரி 33. சுவர்ல எந்தத் தடுப்பும் இல்லாத பெயின்ட் பக்கெட்ல 18 லிட்டர் இருந்தா தண்ணி காத்தைப் பின்தொடர்ந்து தோராயமா 30-க்கும் 36-க்கும் நடுவுல ஏறி இறங்கும். ரெண்டரை சென்டிமீட்டர் சுவர் உள்ள தெர்மாகோல் பெட்டில 25 லிட்டர் இருந்தா 32 முதல் 34, ராவும் பகலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நிக்கும். உச்சியத்தான் வெட்டுது, சராசரிய குறைக்கல பாருங்க! அந்த 33 டிகிரி லெட்யூஸுக்கு 36 மாதிரியே கெட்டதுதான், மெதுவா கெடுக்கும் அவ்ளோதான். அதையே ஜனவரிக்கு போடுங்க, ராத்திரி 21, பகல் 30, பெட்டிக்குள்ள 25, 26-ல அசையாம நிக்கும், பக்கெட்ல 23லேர்ந்து 28 வரைக்கும் ஆடும். ஜனவரில பெட்டிக்கும் பக்கெட்டுக்கும் பெரிய சண்டையே இல்ல. ரெண்டுலயும் வளரும்.

அப்ப பெட்டி எதுக்கு? நாம வெளியிலேர்ந்து குளிர் குடுத்தா அது வீணாகாம இருக்கறதுக்கு. அதாவது ஐஸ் பாட்டில். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில ஃப்ரீசர்ல கல்லாக்கி 20 லிட்டர் தண்ணில போட்டா அது முழுசா உருகறதுக்குள்ள அந்தத் தண்ணிய நாலஞ்சு டிகிரி போல இறக்கிடும். இப்ப மே மாசம் தண்ணிய 26-ல நிறுத்தணும்னா ஒரு நாளைக்கு எவ்ளோ ஐஸ் வேணும்? பெயின்ட் பக்கெட்டுக்கு அஞ்சு லிட்டர் வரும். தெர்மாகோலுக்கு ஒன்றரை, ரெண்டு. மூணு சென்டிமீட்டர் ஃபோம் அடைச்ச கெட்டி ஐஸ் பாக்ஸ், மூடியும் ஒழுங்கா இருந்தா, ஒரு லிட்டர்லயே ஓடிடும். இந்த அஞ்சு, ரெண்டு, ஒண்ணுங்கற கணக்குதான் இந்தக் கட்டுரையோட சாரமே. அஞ்சு பாட்டில் உறைய வைக்க எந்த வீட்டு ஃப்ரீசர்லயும் இடம் குடுக்க மாட்டாங்க, அதுவும் ஒரு பக்கெட்டுக்கு. கரண்ட் செலவு பெருசில்ல, இடம்தான் சண்டைய கிளப்பும்.

தெர்மாகோல் பெட்டி விஷயத்துக்கு வருவோம், ஏன்னா பெரும்பாலானவங்க இதுலதான் வந்து நிப்பாங்க, நானும் இதைத்தான் முதல்ல சொல்லுவேன். காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை பக்கம் மீன் வியாபாரிங்ககிட்ட பழசு கிடைக்கும், மருந்து மொத்த வியாபாரக் கடைங்கள்ல ஊசி மருந்து வர்ற பெட்டி இன்னும் சுத்தமா கிடைக்கும், ஆனா சைஸ் சின்னது. நீளம் அகலம் எப்படி வேணா இருக்கட்டும், உள் ஆழம் 20 சென்டிமீட்டர் குறையாம பாத்துக்கங்க. மீன் வாடைக்கு சோப்புத்தண்ணி, அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைசல், அப்புறம் ரெண்டு மூணு நாள் காய விட்டா போயிடும். தெர்மாகோல்ல தண்ணி நிக்குமான்னா புதுசுல நிக்கும், பழசுல அந்த தெர்மாகோல் மணிங்களுக்கு நடுவுல கசியும், அதனால உள்ள கெட்டியான கருப்பு பாலித்தீன் ஷீட் விரிச்சு மூலைய மடிச்சு வெளிப்பக்கம் டேப் போட்டுடுங்க, மூலைல வெட்டி ஒட்ட நினைக்காதீங்க, அங்கதான் ஒழுகும். இந்த ஷீட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கு, வெள்ளை தெர்மாகோல் வெளிச்சத்தை உள்ள விடும், வெளிச்சமும் உரத்தண்ணியும் சேந்தா பாசிதான், கருப்பு ஷீட் அதை அடைச்சிடும். தெர்மாகோல் பிளாஸ்டிக் சாப்பாட்டுக்கு சேருமான்னு பயப்படறவங்களுக்கும் தண்ணி அதைத் தொடறதே இல்லங்கறது ஒரு நிம்மதி.

வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கலாம், அடிக்கணும், வெயில் பட்டா தெர்மாகோல் மஞ்சளாகி மாவு மாதிரி உதிரும். ஆனா சுவருக்கு அடிக்கற எமல்ஷன் மாதிரி தண்ணில கரையற பெயின்ட்தான், வெள்ளை நிறம். ஸ்ப்ரே பெயின்ட், எனாமல், தின்னர், பிவிசி ஒட்டற சொல்யூஷன் எதுவும் கிட்டயே கொண்டு வராதீங்க, பட்ட இடம் கண் முன்னாடி கரைஞ்சு குழியாகும்.

மூடில ஓட்டை போடறதுக்கு கத்தி வெச்சு அறுத்தா மணி மணியா உதிர்ந்து வீடு பூரா பறக்கும். காலி பால் டின் எதாவது நெட் பாட் (செடி நிக்கற, ஓட்டை ஓட்டையான சின்ன கப்) விளிம்பை விட கொஞ்சம் சின்ன வட்டமா பாத்து எடுத்து, இடுக்கில பிடிச்சு அடுப்புல காட்டி சூடாக்கி, மூடி மேல நேரா வெச்சு லேசா சுத்தினா போதும், அமுக்கக்கூட வேணாம், வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்கும், ஓரம் உருகி கண்ணாடி மாதிரி வழவழன்னு நிக்கும், அப்புறம் உதிராது. புகை நல்லதில்ல, அதனால சமையலறைல வேணாம், மாடில ஒரு சின்ன ஸ்டவ் வெச்சு காத்தோட்டமா செய்யுங்க. 60க்கு 40 சென்டிமீட்டர் மூடில ஆறு ஓட்டை, மிஞ்சிப் போனா எட்டு. ஒரு லெட்யூஸுக்கு கடைசி வரைக்கும் நாலு லிட்டர் தண்ணி கணக்கு வெச்சுக்கங்க, ஓட்டைய அதிகமாக்கிட்டு தண்ணி பத்தலன்னு புலம்பக் கூடாது.

இதோட எதிரிங்கன்னா எறும்பு, எலி, காத்து. எறும்பு தெர்மாகோல குடைஞ்சு குடியேறும், பெட்டிய நாலு செங்கல் மேல வெச்சு செங்கல தண்ணித் தட்டுல நிறுத்தணும், அந்தத் தட்டுல கொசு வராம ரெண்டு சொட்டு எண்ணெய் விடணும், வேலை மேல வேலை. எலிக்கு நிஜமா தீர்வு இல்ல, எலி நடமாட்டம் உள்ள மாடின்னா தெர்மாகோல விட்டுடுங்க. காத்து பத்தி தமிழ்நாட்டுல யாருக்கும் விளக்க வேணாம், 2017-ல வைகை அணைல தண்ணி ஆவியாகாம இருக்க தெர்மாகோல மிதக்க விட்டு அது கரை ஒதுங்கின கதை நமக்கு மனப்பாடம். தண்ணி நிறைஞ்ச பெட்டி பறக்காது, மூடி பறக்கும், செடியோட. சைக்கிள் டியூப வெட்டி சுத்திப் போடுங்க.

ஒரு சின்ன வருத்தம் இதுல உண்டு. தெர்மாகோல் கடைசில குப்பைதான், ரெண்டு வருஷத்துக்கு மேல மாடில தாங்கறது கஷ்டம், உடைஞ்சா மணி மணியா மழைநீர் வடிகாலுக்குத்தான் போகும். 2019 ஜனவரிலேர்ந்து தமிழ்நாட்டுல தெர்மாகோல் தட்டு, கப் தடையில இருக்கறது இதனாலதான். அதனால புதுசா காசு குடுத்து தெர்மாகோல் பெட்டி வாங்காதீங்க, ஏற்கனவே ஒரு தடவை உபயோகமானதை எடுங்க. பிலிப்பைன்ஸ்ல இதே யோசனைதான், லாஸ் பான்யோஸ்ல இருக்கற பல்கலைக்கழகத்துக்காரங்க ஸ்னாப்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க, பழக்கடைக்கு திராட்சை வந்திறங்கற தெர்மாகோல் பெட்டிலயே லெட்யூஸ் வளர்க்கறது, மோட்டார் கிடையாது கரண்ட் கிடையாது. அவங்களுக்கும் நம்மள மாதிரி புழுக்கம்தான், அதனால மேல்நாட்டு கிரீன்ஹவுஸ் வீடியோங்கள விட அவங்க செய்யறது நமக்கு நல்லாவே பொருந்தும்.

கெட்டி ஐஸ் பாக்ஸ். செலோ, மில்டன் மாதிரி கம்பெனிங்க போடறது, இன்னும் பெருசு வேணும்னா கேட்டரிங்காரங்க வெச்சிருக்கறது. பிளாஸ்டிக் ரெண்டு அடுக்கு, நடுவுல பியூ (பாலியூரித்தேன்) ஃபோம், அது தெர்மாகோல விட நல்லாவே சூட்டைத் தடுக்கும், எலி அவ்ளோ சுலபமா கடிக்காது, எறும்பு குடைய முடியாது, வருஷக்கணக்கா உழைக்கும். விலை ஆயிரத்துல போகும், அதான் இடிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி மூடிய விரலால தட்டிப் பாருங்க, இது முக்கியம். நெறைய மாடல்ல உடம்புல மட்டும் ஃபோம், மூடி வெறும் பொள்ளல், டொக் டொக்னு சத்தம் வரும். அந்த மூடில ஓட்டை போட்டா ரெண்டு கெடுதல், ஒண்ணு மேலிருந்து சூடு தாராளமா இறங்கும், ரெண்டாவது அந்தப் பொள்ளலுக்குள்ள தண்ணி போய் தங்கிடும், வெளியவும் வராது காயவும் காயாது, பாசியும் கொசுவும் குடித்தனம் பண்ணும்.

என்னைக் கேட்டா அந்த மூடில கையே வைக்காதீங்க. அதை அப்படியே கழட்டி பத்திரமா வெச்சிட்டு, உள் அளவுக்கு ரெண்டு இன்ச் தெர்மாகோல் ஷீட்ட வெட்டி அதுல ஓட்டை போட்டு மேல பொருத்துங்க, ஷீட் சில்லறை காசுதான், கெட்டுப்போனா மாத்திக்கலாம், நாளைக்கு ஹைட்ரோபோனிக்ஸே வேணாம்னு தோணினாலும் பாக்ஸ் பாக்ஸாவே இருக்கும், ஏற்காடு போறப்ப ஜூஸ் எடுத்துட்டு போகலாம். பாக்ஸ் அடில தண்ணி வடிய ஒரு மூடி இருக்கும் இல்லயா, அது பெரிய வசதி, பழைய தண்ணிய மாத்தறப்ப செடிய அசைக்காம திறந்து விட்டுடலாம். தெர்மாகோல் பெட்டில இது இல்லாததால மக்கால மொண்டு எடுக்கணும், இல்ல டியூப் வெச்சு உறிஞ்சணும், வாய் வெச்சு உறிஞ்சாதீங்க அது உரத்தண்ணி.

பக்கெட்ட ரொம்ப மட்டம் தட்டிட்ட மாதிரி இருக்கு, அதுக்கு ஒரு நியாயம் பண்ணிடறேன். தடுப்பு இல்லாததே அதுக்கு ஒரு பலம், ஏன்னா வெளிச்சுவர ஈரப்படுத்தினா தண்ணி குளிரும், தெர்மாகோல்ல அது நடக்கவே நடக்காது. பக்கெட்ட சுத்தி சாக்கு கட்டி நனைச்சு வெச்சா மண்பானை கணக்கா ஆவியாகி உள்ள சூடு இறங்கும். எவ்ளோ இறங்கும்ங்கறது ஊரைப் பொறுத்தது. மதுரை, திருச்சி மாதிரி வறண்ட காத்து அடிக்கற ஊர்ல மத்தியானம்கூட சாக்கு 26 டிகிரி பக்கம் இழுக்கும், அப்ப பக்கெட்டே ஜெயிக்கும்னு தைரியமா சொல்லலாம், ஐஸே வேணாம். சென்னைல கடக்காத்து ஈரம், 28-க்கு கீழ போறது கஷ்டம், அதுவும் சாக்கு காயக் காய நனைச்சிட்டே இருந்தாதான். நிஜ மண்பானையிலேயே வளர்க்கலாமேன்னு சிலர் கேப்பாங்க, வேணாம், உரத்தண்ணியோட உப்பு பானை வழியா வெளிய வந்து வெள்ளையா பூத்து நிக்கும், கொஞ்ச நாள்ல துவாரம் அடைச்சு குளிர்ச்சியும் போயிடும். இன்னொண்ணு, ஒரே ஒரு தக்காளியோ கத்தரியோ வைக்கணும்னா ஆழமான பக்கெட்தான் சரி, பெட்டி கீரைக்கு.

அடுத்து, தண்ணிய சும்மா நிறுத்தறதா, காத்து ஊதறதா. சும்மா நிறுத்தற முறைக்கு க்ராட்கி முறைன்னு பேரு, ஹவாய் பல்கலைக்கழகத்துல இருந்த பெர்னார்ட் க்ராட்கி பேர்ல வந்தது. ஆரம்பத்துல நெட் பாட் அடி நனையற அளவு தண்ணி, செடி குடிக்க குடிக்க மட்டம் இறங்கும், மேல விட்ட வேர் காத்துல நின்னு பஞ்சு மாதிரி ரோமம் விட்டு அங்கேர்ந்து மூச்சு வாங்கும், கீழ இருக்கறது தண்ணியும் உரமும் எடுக்கும். தண்ணி குறையுதேன்னு பாசத்துல திரும்ப மேல வரைக்கும் ரொப்பினீங்கன்னா காத்து வேர் மூழ்கி செடி செத்துடும், ரொப்பணும்னா பாதி வரைக்கும் போதும். இதுல ஒரு சிக்கல் மழை. ஐப்பசி, கார்த்திகைல பெட்டி திறந்த வெளில இருந்தா நெட் பாட் வழியா மழைத்தண்ணி இறங்கி மட்டம் ஏறிடும், உரமும் நீத்துப் போகும், அதனால பெட்டி பக்கவாட்டுல பாதி உயரத்துக்கு கொஞ்சம் மேல ஒரு சின்ன ஓட்டை போட்டு, பாலித்தீனோட சேத்து துளைச்சு ஸ்ட்ரா ஒண்ணு சொருகி, வாயில கொசுவலைத் துணி கட்டிடுங்க, செடி சின்னதா இருக்கற வரைக்கும் அடைச்சு வெச்சிட்டு மட்டம் இறங்கினதும் திறந்துடலாம். க்ராட்கிக்கு ஐஸ் பாட்டிலும் அவ்ளோ ஒத்து வராது, பாட்டில் உள்ள போனா மட்டம் ஏறும், எடுத்தா இறங்கும், வேர் நனைஞ்சு காஞ்சு குழம்பும்.

காத்து ஊதறதுக்கு மீன் தொட்டி ஏர் பம்ப், கூட ஒரு ஏர் ஸ்டோன், அதாவது காத்தை சின்னச் சின்ன குமிழா விடற கல். அஞ்சு வாட்ஸ் பம்ப் 24 மணி நேரம் ஓடினாலும் ரெண்டு மாச பில்லுல ஏழு யூனிட் சொச்சம்தான், முதல் 100 யூனிட் இலவசத்துலயே அடங்கிடும் சில வீடுகள்ல. பம்ப்ப தண்ணி மட்டத்துக்கு மேல மாட்டுங்க, கீழ வெச்சா கரண்ட் போன நிமிஷம் டியூப் வழியா தண்ணி பின்னாடி இறங்கி பம்ப்புக்குள்ள போயிடும், வழியில்லன்னா தண்ணிய பின்னாடி வர விடாத 'நான்-ரிட்டர்ன்' வால்வ் ஒண்ணு டியூப்ல போடணும், மீன் தொட்டி விக்கற கடைல சில்லறை காசுக்கு கிடைக்கும். பம்ப் இருந்தா மட்டம் பத்தி கவலையில்ல, ஐஸ் பாட்டிலும் தாராளமா போடலாம், ஆனா பாட்டில் வேர தொடாம ஒரு ஓரமா தனி ஓட்டை வெச்சு செங்குத்தா இறக்குங்க, பிளாஸ்டிக் மேல வேர் ஒட்டிக்கிட்டு நின்னா அந்த இடம் குளிர்ல கருகும். காலைல போடறத விட பதினோரு மணி வாக்குல போடறது நல்லது. பாட்டில் க்ராட்கிக்கு ஒத்து வராது, பம்ப்புக்கு ஒத்து வரும், அதனாலதான் நான் பிரிக்கறது இப்படி: தெர்மாகோல்னா க்ராட்கி, கெட்டி ஐஸ் பாக்ஸ்னா பம்ப்பும் பாட்டிலும். மாத்தியும் செய்யலாம், ஆனா ஆயிரங்கள் குடுத்து பாக்ஸ் வாங்கி பாட்டில் போடாம வைக்கறது காசை தண்ணில போடற வேலை, நெசமாவே.

தண்ணியும் உரமும் மூணுக்கும் ஒண்ணுதான், சுருக்கமா சொல்லிடறேன். சென்னைல கடலோரப் பக்கம் போர் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற உப்போட அளவு) 1000 தாண்டறது சகஜம், லெட்யூஸுக்கு உரத்தோட சேத்தே 600 போல போதும், அப்ப உரம் போட இடமே இல்ல, இருக்கறது பூரா வேண்டாத உப்பு. மழைத்தண்ணி பிடிச்சு மூடி வெச்சா அதை விட ஒசத்தி எதுவும் இல்ல, இல்லன்னா மெட்ரோ வாட்டர், இல்லன்னா ஆர்ஓ தண்ணி. உரக்கடைல 19:19:19 பாக்கெட்ட நீட்டுவாங்க, வாங்காதீங்க, அதுல இருக்கற நைட்ரஜன்ல பாதிக்கு மேல யூரியா வடிவம், மண்ணுல கிருமிங்க அத மாத்திக் குடுக்கும், வெறும் தண்ணில அது சரியா நடக்காது, கால்சியமும் அதுல கிடையாது. 'ஏ', 'பி'-னு ரெண்டா வர்ற ஹைட்ரோபோனிக் உரத்தை வாங்கி, ரெண்டையும் நேரா ஒண்ணா கலக்காம தண்ணில தனித்தனியா ஊத்திக் கலக்குங்க, நேரா கலந்தா கால்சியம் சுண்ணாம்பு மாதிரி திரிஞ்சு அடில தங்கிடும். பிஹெச் 5.5லேர்ந்து 6.5.

எந்தப் பெட்டிங்கறத விட எந்த மாசம் எந்தச் செடிங்கறதுதான் பெருசுன்னு எனக்குத் தோணுது. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் மூணுல எதுல வேணாலும் லெட்யூஸ், பாக் சோய், பாலக், கொத்தமல்லி வரும். மார்ச் கடைசில லெட்யூஸ் நீண்டு பூத்தண்டு விட ஆரம்பிக்கும், கசக்கும். ஏப்ரல், மே, ஜூன்ல லெட்யூஸ் விதை முளைக்கறதே சந்தேகம், 30 டிகிரி தாண்டினா அது தூங்கிடும். அந்த மூணு மாசம் அதை ஐஸ் போட்டு காப்பாத்தறதா, இல்ல செடிய மாத்தறதா? வள்ளைக்கீரை, பொன்னாங்கண்ணி ரெண்டுமே குளத்தங்கரைச் செடிங்க, சூடான தண்ணில நின்னு பழகினதுங்க, 33 டிகிரிக்கெல்லாம் அசராது, தண்டை ஒடிச்சு சொருகினாலே வேர் விடும், விதை செலவுகூட இல்ல. ஐஸ் பாட்டில் கட்சில இருக்கறவங்களுக்கு இது அவமானமா இருக்கலாம், ஆனா கீரை கீரைதான்.

கொசு பத்தி ஒரு வார்த்தை, கார்ப்பரேஷன்லேர்ந்து டெங்கு செக்கிங்க்கு வர்றவங்க மாடி ஏறிப் பாப்பாங்க, மூடி இல்லாத தண்ணின்னா அபராதமும் போடலாம். நெட் பாட் சுத்தி இடைவெளி இருந்தா ஸ்பாஞ்ச் அடைச்சிடுங்க, செடி எடுத்த ஓட்டைய காலியா விடாதீங்க. எடையும் பாருங்க, ஜனங்க ஏறிப் புழங்கற மொட்டை மாடிக்கு இன்ஜினியருங்க பொதுவா எடுக்கற கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ, அதாவது 15 சென்டிமீட்டர் தண்ணி நின்னாலே அவ்ளோ ஆயிடும். 25 லிட்டர் பெட்டி நாலஞ்சு, இடம் விட்டு வெச்சா பயமில்ல, 50 லிட்டர் ஐஸ் பாக்ஸுங்கள நடு மாடில நெருக்கி அடுக்காதீங்க, சுவரோரமா, பீம் மேல வைங்க.

கடைசியா யாருக்கு எது. வாடகை வீடு, வருஷத்துக்கு ஒரு தடவை மாறுவோம், ஹவுஸ் ஓனர் தண்ணி கசியுதான்னு வந்து வந்து பாப்பாருன்னா தெர்மாகோல் ரெண்டு, செங்கல் மேல, க்ராட்கி, ஐப்பசிக்கு முன்னாடி ஆரம்பிங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு ராத்திரிதான் வீட்டுக்கு வர்றீங்கன்னாலும் அதேதான், ஐஸ் பாட்டில் மாத்த ஆள் இல்லாத வீட்ல கெட்டி பாக்ஸ் வெறும் விலை உயர்ந்த டப்பா. வீட்ல அப்பாவோ அம்மாவோ பகல்ல இருக்காங்க, மாடி ஏற சிரமமில்ல, வருஷம் பூரா லெட்யூஸ்தான் வேணும்னு பிடிவாதம்னா கெட்டி ஐஸ் பாக்ஸ் ஒண்ணே ஒண்ணு வாங்குங்க, 40 லிட்டர் பக்கம், உச்சி வெயில் படாத ஒரு சுவரோரம், ரெண்டு செட் பாட்டில், ஒண்ணு பெட்டில ஒண்ணு ஃப்ரீசர்ல. மதுரை, திருச்சி, சேலம் பக்கம் இருக்கறவங்க வெயில் காலத்துக்கு பக்கெட்டும் சாக்கும் போட்டுப் பாத்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க. இப்ப ஏப்ரல், மே மாசத்துல இதைப் படிச்சிட்டு இன்னைக்கே ஆரம்பிக்கணும்னு கை துறுதுறுன்னு இருந்தா, எதையும் வாங்காம மார்க்கெட்ல ஒரு கட்டு பொன்னாங்கண்ணி வாங்கி, இலைய கூட்டுக்கு ஆஞ்சிட்டு கணு இருக்கற தண்ட மட்டும் எடுத்து வைங்க.